ஸ்ட்ரீட் ஃபைட், எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ், ஃபால்ஸ் கவுண்ட் எனிவேர்: விதிப்படி என்ன வித்தியாசம்?

கயிற்றோரம் கேட்டது:

வணக்கம். மல்யுத்த நிகழ்ச்சிகள்ல வாரத்துக்கு ஒரு பேரு சொல்றாங்க. நோ டிஸ்குவாலிஃபிகேஷன், நோ ஹோல்ட்ஸ் பார்டு, ஸ்ட்ரீட் ஃபைட், எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ், ஃபால்ஸ் கவுண்ட் எனிவேர். பார்க்கிறதுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது. நாற்காலி வருது, கெண்டோ கம்பு வருது, கடைசியில டேபிள் உடையுது. என் சந்தேகங்கள் இவை:

1. இந்த அஞ்சும் விதிப்படி வேற வேறயா, இல்ல பேரு மட்டும்தான் வேறயா?

2. ஸ்டீல் கேஜ்ல வெளியே வந்தவர் ஜெயிச்சதாச் சொல்றாங்க. ஹெல் இன் எ செல்லில் ரெண்டு பேரும் வெளியே வந்து கூரை மேலேயே சண்டை போடுறாங்க, ஆனா மேட்ச் முடியல. அது ஏன்?

3. டி.க்யூ. (டிஸ்குவாலிஃபிகேஷன், அதாவது தகுதி நீக்கம்) இல்லாத மேட்ச்ல ஒருத்தர் கயித்தைப் பிடிச்சா எதிராளி பிடியை விட்டாகணுமா?

முடிவு முன்னாடியே பேசி வெச்சதுன்னு எனக்குத் தெரியும், அதனால அந்தப் பதில் வேண்டாம். விதி எப்படி வேலை செய்யுது, ஒரு பகைக்கு இந்த விதியை ஏன் தேர்ந்தெடுக்கிறாங்க, இதுதான் வேணும்.

---

மூணாவது தட்டு எழுதியது:

பெயர்களை மறந்துவிட்டு, முதலில் ஒரு சாதாரண ஒற்றையர் மேட்ச் எப்படி முடியும் என்று பாருங்கள். முடிவதற்கு நான்கு வழிகள் உண்டு. இரண்டு தோளும் மேட்டில் பட்டிருக்க நடுவர் மூன்று தட்டுவது பின். வலி தாங்காமல் தட்டியோ வாயால் சொல்லியோ ஒப்புக்கொள்வது சப்மிஷன். எண்ணி முடிக்கும்வரை ரிங்குக்கு வெளியே இருந்துவிட்டால் கவுண்ட் அவுட், டபிள்யூ.டபிள்யூ.இ.யில் 10 வரை, ஜப்பானின் நியூ ஜப்பான் நிறுவனத்தில் 20 வரை எண்ணுவார்கள். ஆயுதம், வெளியாள் தலையீடு, நடுவர் 5 எண்ணியும் விடாத பிடி இவற்றால் தோற்பது டி.க்யூ.

எந்த ஸ்டிபுலேஷனாக (ஒரு மேட்ச்சுக்கென்று தனியாக வைக்கிற விதி) இருந்தாலும் இந்த நான்கில் எதை எடுத்தார்கள், புதிதாக எதைச் சேர்த்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நோ டி.க்யூ. என்றால் நான்காவது வழி மட்டும் போகிறது. நோ ஹோல்ட்ஸ் பார்டும் அதேதான், பழைய பெயர். இரண்டிலும் பின் ரிங்குக்குள்தான் நடக்க வேண்டும். கவுண்ட் அவுட் காகிதத்தில் மிச்சம் இருக்கலாம். நடைமுறையில் பெரும்பாலும் அதையும் சேர்த்தே தூக்கிவிடுகிறார்கள்.

ஸ்ட்ரீட் ஃபைட்டில் மூன்றாவதும் நான்காவதும் போய்விடும். ஜீன்ஸ், பூட்ஸ், பனியன் என்று தெருவில் போகிற உடையில் வருவார்கள். அந்த உடைக்கு அர்த்தம் இருக்கிறது: இது போட்டி இல்லை, பகை என்று பார்த்த உடனே தெரிய வேண்டும். பின் ரிங்குக்குள்தான், எங்கேயும் எண்ணலாம் என்றால் அதைத் தனியாக அறிவிப்பார்கள்.

ஃபால்ஸ் கவுண்ட் எனிவேர்தான் உண்மையிலேயே வேறு விதி. இதில் இடம் என்ற கட்டுப்பாடே போகிறது. வாகன நிறுத்தத்தில், கேலரிப் படிக்கட்டில், மேடையில், எங்கே தோள் தரையில் பட்டாலும் நடுவர் எண்ணலாம். அதனால் நடுவர் கூடவே ஓடிக்கொண்டிருப்பார். இதில் ஒருவரைத் திரும்ப ரிங்குக்குள் இழுத்துவந்து பின் பண்ணினால் அந்த விதியை வீணடித்தார்கள் என்றே சொல்வேன்.

எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ் விதியளவில் நோ டி.க்யூ.வின் மறுபெயர். ஆயுதச் சண்டைக்குப் பேர்போன பழைய இ.சி.டபிள்யூ. நிறுவனத்தின் அடையாளத்தைத் தாங்கி நிற்கிற பெயர் அது. ஹார்ட்கோர் என்ற பெயரும் இதே குடும்பம். 1998 நவம்பரில் மேன்கைண்டுக்குக் கொடுத்த ஹார்ட்கோர் பெல்ட் அதன் உச்சம். 2000இல் க்ராஷ் ஹாலி அதை 24 மணி நேரமும் பணயம் வைக்கிறேன் என்று அறிவித்தார். நடுவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும், தூங்கிக்கொண்டிருக்கும் சாம்பியனைக்கூடப் பின் பண்ணலாம். 2002 ஆகஸ்டில் அந்தப் பட்டத்தை இன்டர்கான்டினென்டல் பட்டத்தோடு இணைத்துவிட்டார்கள்.

மூன்றாவது கேள்விதான் நுட்பமானது. கயிற்றைப் பிடித்தால் பிடியை விட வேண்டும் என்பதற்குப் பின்னால் இருக்கும் ஒரே பலம் அந்த 5 எண்ணிக்கை. எண்ணி முடித்தும் விடாவிட்டால் டி.க்யூ. டி.க்யூ.வே இல்லாத மேட்ச்சில் நடுவர் எதைக் காட்டி மிரட்டுவார்? ஆகவே சப்மிஷனுக்குக் கயிறு காப்பாற்றாது. பின் அப்படியல்ல, அங்கே நடுவர் யாரையும் தண்டிக்கத் தேவையில்லை, தட்டுவதை நிறுத்தினால் போதும். அதனால்தான் நோ டி.க்யூ. மேட்ச்சில் காலைக் கயிற்றில் போட்டுப் பின்னிலிருந்து தப்புவதும் நடக்கிறது, அதே மேட்ச்சில் கயிற்றைப் பிடித்தும் பலனில்லாமல் தட்டுவதும் நடக்கிறது. முரண்பாடு மாதிரி தெரியும், ஆனால் தர்க்கம் இருக்கிறது.

எதை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், போன மேட்ச் எப்படி முடிந்தது என்பதைப் பாருங்கள். கவுண்ட் அவுட்டிலோ டி.க்யூ.விலோ தோற்றால் பட்டம் கை மாறாது. இதைப் பயன்படுத்தி ஒரு வில்லன் சாம்பியன் வேண்டுமென்றே அடிவயிற்றில் உதைத்து டி.க்யூ. வாங்கிப் பெல்ட்டோடு போய்விடுவான். அடுத்த மாதம் நோ டி.க்யூ. வரும். ஓடிப்போய்த் தப்பினான் என்றால் சுற்றிலும் ஆள் நிற்கிற லம்பர்ஜாக் வரும். கூட்டாளிகள் உள்ளே வந்து காப்பாற்றினார்கள் என்றால் கூண்டு வரும். தப்பித்த வழியை அடைப்பதுதான் ஸ்டிபுலேஷனின் வேலை. போன மேட்ச்சில் யாரும் ஓடவில்லை, யாரும் தலையிடவில்லை, ஆனாலும் இந்த மாதம் கூண்டு என்றால் நாள்காட்டியைப் பார்த்துக் கூண்டு போட்டிருக்கிறார்கள்.

---

கூண்டுப்பூட்டு எழுதியது:

மேலே சொன்னது சரி. கூண்டுக் கேள்விக்கு நான் வர்றேன் கயிற்றோரம்.

ஸ்டீல் கேஜ்ல ரெண்டு மரபு இருக்கு. பழைய அமெரிக்கக் கூட்டமைப்பான என்.டபிள்யூ.ஏ. பக்கம் கூண்டுங்கிறது வேலி, அவ்வளவுதான். உள்ளே பின் அல்லது சப்மிஷன். டபிள்யூ.டபிள்யூ.எஃப். (டபிள்யூ.டபிள்யூ.இ.யோட பழைய பேரு) பக்கம் வெளியேறுறதே வெற்றி. மேலே ஏறி இறங்கலாம், இல்ல கதவு வழியாப் போகலாம். ரெண்டு பாதமும் அரங்கத் தரையில படணும். 1994 சம்மர்ஸ்லாம்ல பிரெட் ஹார்ட்டும் ஓவன் ஹார்ட்டும் மோதினது வெளியேறினா மட்டுமே வெற்றிங்கிற விதியில. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மாறி மாறி ஏற, மத்தவர் காலைப் பிடிச்சு இழுக்க, அந்த ஒரே செயலை வெச்சு அரை மணி நேரம் ஓட்டினாங்க. இப்போ ரெண்டு மரபும் கலந்துடுச்சு: பின், சப்மிஷன், வெளியேற்றம் மூணும் செல்லும்.

வெளியேற்ற விதியில ரெண்டு சிக்கல். ஒண்ணு, உன்னைக் கிழிச்சுடுவேன்னு சொல்லி உள்ளே வந்தவர் கதவைப் பார்த்து ஓடினா பகையோட சூடு போயிடும். அதனால நல்லவரா இருக்கிறவரை ஓட விடாம, வில்லனை ஓட விடணும். அடுத்தது, யார் பாதம் முதல்ல பட்டதுங்கிற தகராறு. 2018 ஏப்ரல் 27, ஜெட்டாவில நடந்த கிரேட்டஸ்ட் ராயல் ரம்பிள். ரோமன் ரெய்ன்ஸ் ஓடி வந்து தோளால மோதுற ஸ்பியர் அடிச்சதுல ப்ராக் லெஸ்னர் கூண்டுச் சுவரையும் பெயர்த்துக்கிட்டு வெளியே விழுந்தார். லெஸ்னர் முதல்ல தரையைத் தொட்டார்னு அவருக்கு வெற்றி கொடுத்தாங்க. மறுஒளிபரப்பைப் பார்த்தவங்க ரெய்ன்ஸ் கால்தான் முதல்ல பட்டதுன்னு இன்னைக்கும் வாதாடுறாங்க.

ஹெல் இன் எ செல் அமைப்பே வேற. கேஜ் ரிங்கோட விளிம்புல நிக்கும், கூரை கிடையாது. செல் ரிங்கைச் சுத்தியிருக்கிற நடைபாதையையும் சேர்த்து மூடும், மேலே கம்பி வலைக் கூரை உண்டு. அதுல வெளியேற்ற விதியே கிடையாது. வெளியே போனாலும் கூரையில ஏறினாலும் மேட்ச் நடந்துக்கிட்டேதான் இருக்கும். செல்லோட நோக்கம் வெளியாள் உள்ளே வரக்கூடாதுங்கிறதுதான். ஆனா 1997 அக்டோபர் 5இல் நடந்த முதல் செல்லிலேயே கேன்ங்கிறவர் கதவைப் பிடுங்கிட்டு உள்ளே வந்து அண்டர்டேக்கரை அடிச்சார். ஷான் மைக்கேல்ஸ் ஜெயிச்சார். எந்த வழியை அடைச்சோம்னு விளம்பரம் பண்ணாங்களோ அதை உடைச்சுக்கிட்டு ஒரு புது ஆள் வர்றார். ஒரு அறிமுகத்துக்கு இதைவிடப் பலமான வழி எனக்குத் தெரியல.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். அண்டர்டேக்கரோட ஆடின செல் மேட்ச்ல மேன்கைண்ட் 16 அடி உயரத்திலிருந்து வர்ணனையாளர் டேபிள் மேல விழுந்தது எல்லாருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது அடுத்த விழுக்காடு. கூரையில அண்டர்டேக்கர் அவரைக் கழுத்தைப் பிடிச்சுத் தூக்கி அடிக்கிற சோக்ஸ்லாம் போட்டப்போ பலகம் அப்படியே பிச்சுக்கிட்டுப் போய், அவர் நேரா ரிங்குக்குள்ள விழுந்தார். கூரையில இருந்த நாற்காலியும் கூடவே விழுந்து முகத்துல பட்டது. அந்தப் பலகம் அப்போ உடையணும்னு திட்டம் இல்ல. கம்பி வலையை ஒட்டுக்கட்டின இடம் ரெண்டு பெரிய உடம்போட எடையைத் தாங்கல. பின்னால வந்த செல்கள் 20 அடி உயரம், சட்டமும் கனம்.

வார்கேம்ஸும் கூண்டுக் குடும்பம்தான். டஸ்டி ரோட்ஸ் யோசனை. 1987 ஜூலை 4, அட்லாண்டா ஆம்னி அரங்கத்தில முதல்ல நடந்தது. பக்கத்துல பக்கத்துல ரெண்டு ரிங், ரெண்டையும் மூடுற ஒரே கூண்டு, அதுக்கும் கூரை. அணிக்கு ஒருத்தரா ரெண்டு பேர் 5 நிமிஷம் தொடங்குவாங்க. நாணயம் சுண்டி ஜெயிச்ச அணி அடுத்த ஆளை அனுப்பும்; அதுக்கப்புறம் 2 நிமிஷத்துக்கு ஒருத்தரா மாறி மாறி. பத்துப் பேரும் உள்ளே வர்ற வரைக்கும் யாரும் ஜெயிக்க முடியாது. வந்த பிறகு சப்மிஷன் அல்லது சரணாகதி மட்டும், பின் கிடையாது. நாணயத்துல ஏறக்குறைய எப்பவும் வில்லன் அணிதான் ஜெயிக்கும். காரணம் கணக்குதான்: ரெண்டுக்கு ஒண்ணு, மூணுக்கு ரெண்டுன்னு நல்லவங்க அடி வாங்கி, அடுத்த ஆள் வரும்போது அரங்கமே எழுந்து நிக்கணும்.

கூரை தாழ்வா இருந்ததுதான் அந்தக் கூண்டோட ஆபத்து. முதல் வார்கேம்ஸ்லயே ஜே.ஜே. டில்லனுக்குத் தோள்ல பலத்த அடி. 1991 பிப்ரவரியில சிட் விஷியஸ் தலைக்கு மேல தூக்கி முதுகு படக் கீழே போடுற பவர்பாமுக்குத் தூக்கினப்போ பிரையன் பில்மேனோட கால் கூரையில இடிச்சது, அவர் கழுத்து மடங்கி இறங்கினார். 2017இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யோட வளரும் வீரர்களுக்கான பிரிவான என்.எக்ஸ்.டி. இதைத் திரும்பக் கொண்டு வந்தப்போ கூரையை எடுத்துட்டு, கூண்டை விட்டு வெளியேறினா அணி தோத்ததுன்னு விதி வெச்சாங்க. பின்னும் செல்லும்னு ஆக்கினாங்க. கூரையை எடுத்தது சரி. பின்னைச் சேர்த்தது எனக்கு உடன்பாடு இல்ல. ஒரு மனுஷன் வாயால தோல்வியை ஒத்துக்கணும்கிறதுதான் அந்த மேட்ச்சோட உயிர்.

---

கயிற்றோரம் எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கயிறு விஷயம் இப்பதான் புரிஞ்சுது. இன்னும் ரெண்டு கேட்டுக்கிறேன். லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்கும் டெக்சாஸ் டெத்தும் ஒண்ணா? அயர்ன் மேன் மேட்ச்ல ப்ராக் லெஸ்னர் நாற்காலியால அடிச்சு வேணும்னே ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்தார்னு படிச்சேன், அதுல என்ன லாபம்?

---

மணிச்சத்தம் எழுதியது:

லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்கில் பின் இல்லை, சப்மிஷன் இல்லை. எதிராளி விழுந்து, நடுவர் 10 எண்ணுவதற்குள் எழுந்து நிற்காவிட்டால் தோல்வி. பழைய டெக்சாஸ் டெத்தில் முதலில் ஒரு பின்னோ சப்மிஷனோ வேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை தொடங்கும். ஆகவே டெக்சாஸ் டெத்தில் ஒரே ஆளை ஐந்தாறு தடவை பின் பண்ணியும் மேட்ச் முடியாமல் போகலாம்.

இந்த விதியின் பலவீனம், 10 எண்ணிக்கை மெதுவானது. ஒவ்வொரு பெரிய அடிக்குப் பிறகும் பத்து விநாடி ஒன்றும் நடக்காது. அதைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு செய்வார்கள்: எண்ணிக்கை 7 தாண்டுவதை மிகச் சில இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள், எழ முடியாமல் போவதற்கு அடியைத் தவிர வேறு காரணம் கண்டுபிடிப்பார்கள். 2010இல் எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ் என்ற பெயரில் நடந்த நிகழ்ச்சியில் ஜான் சீனா, பட்டிஸ்டாவின் கால்களை ரிங் தூணைச் சுற்றி டேப்பால் ஒட்டிவிட்டார். பட்டிஸ்டாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது, உடம்பில் வலுவும் இருந்தது, ஆனால் எழ முடியவில்லை. விதியின் எழுத்தைப் பிடித்து ஜெயித்த அழகான முடிவு அது. இருவரும் விழுந்து இருவரும் எழாவிட்டால் டிரா. 2007 பேக்லாஷில் அண்டர்டேக்கரும் பட்டிஸ்டாவும் மேடையிலிருந்து சேர்ந்து விழுந்து அப்படித்தான் முடிந்தது. பட்டம் அண்டர்டேக்கரிடமே இருந்தது.

எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டும்போது கருவி சொதப்பினால் மறைக்க இடமே இல்லை. 2021 ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் ரோமன் ரெய்ன்ஸைக் கைவிலங்கால் விளக்குக் கம்பத்தில் பூட்டினார் கெவின் ஓவன்ஸ். ரெய்ன்ஸ் பக்கம் இருந்த பால் ஹேமன் சாவியைப் போட்டுத் திறக்கத் தடுமாறினார். நடுவரின் எண்ணிக்கை பாதியில் நின்றுவிட்டது. சத்தமாக எண்ணுகிற ஒன்றை நிறுத்தினால் பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பூட்டு, சங்கிலி, விலங்கு எதுவானாலும் நேர எண்ணிக்கையோடு சேர்க்கக்கூடாது என்பதற்கு அந்த ஒரு மேட்ச் போதும்.

இனி அயர்ன் மேன். குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் 30 அல்லது 60 நிமிடம், யார் அதிகத் தடவை ஜெயித்தாரோ அவருக்கு வெற்றி. பின், சப்மிஷன், கவுண்ட் அவுட், டி.க்யூ. நான்கில் எதில் ஜெயித்தாலும் ஒரு புள்ளி. 2003 செப்டம்பரில் ஸ்மாக்டவுனில் கர்ட் ஆங்கிளுக்கு எதிராக லெஸ்னர் செய்தது இதுதான். நாற்காலியால் அடித்தார், டி.க்யூ. ஆனது, ஆங்கிளுக்கு 1 புள்ளி. ஆனால் சாதாரண மேட்ச்சில் டி.க்யூ. ஆனால் மணி அடித்து எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். இங்கே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாற்காலி அடியால் சுருண்டு கிடந்த ஆங்கிளிடம் லெஸ்னர் அடுத்தடுத்துப் புள்ளிகளை எடுத்தார். ஒன்றைக் கொடுத்துப் பலவற்றை வாங்குகிற கணக்கு. 5-4 என்று முடிந்து பட்டம் லெஸ்னருக்குப் போனது. அந்த ஒரு புள்ளி வித்தியாசம் வரும்படி கணக்குப் போட்டிருப்பதைக் கவனியுங்கள்.

இதற்கு நேர்மாறு 1996 மார்ச் 31, 12வது ரெஸில்மேனியா. பிரெட் ஹார்ட்டும் ஷான் மைக்கேல்ஸும் 60 நிமிடம் ஆடி 0-0. விதிப்படி டிரா, பட்டம் பிரெட்டுக்கே. அவர் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தபோது நிறுவனத் தலைவராக வந்த கொரில்லா மன்சூன் சடன் டெத் (அடுத்த ஒரு புள்ளி எடுப்பவருக்கே வெற்றி) என்று அறிவித்துத் திரும்ப அழைத்தார். மைக்கேல்ஸ் ஒரு பின்னில் ஜெயித்தார். 0-0 என்பது துணிச்சலான முடிவுதான், ஆனால் முதல் 40 நிமிடத்தில் ஒரு புள்ளியாவது விழுந்திருந்தால் பின்தங்கியவருக்கு ஒரு அவசரம் வந்திருக்கும். அயர்ன் மேனில் புள்ளிக்கணக்குதான் கதை சொல்ல வேண்டும்.

---

ஏணிப்படி 9 எழுதியது:

இன்னும் யாரும் ஏணியைத் தொடாததால நான் எழுதுறேன்.

ஏணி மேட்ச்ல நாலு வழியும் போயிடுது. மேலே தொங்குற பொருளைக் கழற்றி எடுக்கிறது ஒண்ணுதான் வெற்றி. கனடாவோட கல்கரியில ஸ்டாம்பீட் ரெஸ்லிங்ங்கிற நிறுவனத்துல பிறந்த யோசனை. அங்கிருந்து வந்த பிரெட் ஹார்ட் 1992இல் மைக்கேல்ஸோட டபிள்யூ.டபிள்யூ.எஃப்.ல முதல்ல ஆடினார். உலகம் கவனிச்சது 1994இல் 10வது ரெஸில்மேனியாவில ரேஸர் ரமோனும் மைக்கேல்ஸும் ஆடினப்போ. யார் உண்மையான சாம்பியன்னு தகராறு, அதனால ரெண்டு பெல்ட்டையும் சேர்த்தே தொங்கவிட்டாங்க. விதியும் பகையும் அப்படிப் பொருந்துறது அபூர்வம்.

ஏணி ஏன் ஆடுதுன்னு பலர் கேக்குறாங்க. ரிங் தரைங்கிறது இரும்புச் சட்டத்து மேல மரப்பலகை, அதுக்கு மேல மெத்தை, அதுக்கு மேல கான்வாஸ். விழுந்தா அமுங்குற மாதிரிதான் கட்டியிருக்காங்க. அதுல ஏணியோட நாலு காலும் சமமா நிக்காது. பக்கத்துல ஒருத்தர் விழுந்தாலே மேலே நிக்கிறவர் தள்ளாடுவார். கொக்கியும் ஒரு பிரச்சினை: ஒரு கையால பிடிச்சுக்கிட்டு மறு கையால கழற்றணும். சுலபமாக் கழண்டா நடுவுல விழுந்துடும், இறுக்கமா இருந்தா ஜெயிச்சவர் மேலே நின்னு போராடுறார். மெதுவா ஏறுறதைக் குறை சொல்லாதீங்க, கீழே இருக்கிறவர் தன் இடத்துக்கு வர்ற நேரத்தை அவர் கொடுக்கிறார். ஆனா கால்ல அடிபட்டதா முன்னாடியே காட்டிட்டு மெதுவா ஏறுறவர்தான் நல்ல ஆட்டக்காரர்.

டேபிள் மேட்ச்ல எதிராளியோட தாக்குதலால டேபிளை உடைச்சுக்கிட்டுப் போனாத்தான் தோல்வி. தானாக் குதிச்சு, குறி தவறி உடைச்சா கணக்கில்ல. 2009 டிசம்பர்ல சீனா மேல் கயிற்று மேல நடந்த இழுபறியில டேபிள் மேல விழுந்தார், பட்டம் ஷேமஸ் கைக்கு வந்துச்சு. தள்ளினாரா, தானா விழுந்தாரான்னு சந்தேகம் வர்ற மாதிரி வெச்சதால ஷேமஸும் ஜெயிச்சார், சீனாவும் சிறுமைப்படல.

கயிறோ தோல்பட்டையோ ரெண்டு பேர் கையிலயும் கட்டி, நாலு மூலையையும் வரிசையா தொடணும்கிற மேட்ச்லயும் இதே மாதிரி நுணுக்கம் உண்டு. 2004 ஜூன்ல எடி கெரேரோ ஜே.பி.எல்.லை இழுத்துக்கிட்டு மூணு மூலை தொட்டார், ஜே.பி.எல். பின்னாலேயே வந்து அதே மூலைகளைத் தொட்டுக்கிட்டே வந்தார். நாலாவதுல எடி பாய்ஞ்சப்போ அந்த வேகத்துல ஜே.பி.எல். முதுகு முன்னாடியே மூலையில பட்டுடுச்சு. எடிதான் ஜெயிச்சதா அறிவிச்சு, அப்புறம் அப்போ நிகழ்ச்சி மேலாளரா இருந்த கர்ட் ஆங்கிள் ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டிப் பட்டத்தை மாத்தினார். விதியைத் தெளிவாச் சொல்லி வெச்சிருந்தா இப்படி நியாயமா ஏமாத்தலாம்.

பலர் மோதி, கடைசியா உள்ளே மிஞ்சுறவர் ஜெயிக்கிற ராயல் ரம்பிள்லயும் எழுத்துதான் முக்கியம்: ஒருத்தர் வெளியேறினதாக் கணக்காகணும்னா மேல் கயிற்றுக்கு மேல போகணும், ரெண்டு பாதமும் தரையில படணும், நடுவர் பார்க்கணும். 1995இல் ஷான் மைக்கேல்ஸோட ஒரு பாதம் மட்டும் பட்டது, திரும்ப வந்து ஜெயிச்சார். 1997இல் பிரெட் ஹார்ட் ஆஸ்டினை வெளியே எறிஞ்சார், நடுவர்கள் வேற சண்டையைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க, ஆஸ்டின் திரும்ப உள்ளே வந்து ஜெயிச்சார். 2005இல் கடைசியா மிஞ்சின சீனாவும் பட்டிஸ்டாவும் நிஜமாவே ஒண்ணா விழுந்துட்டாங்க. அவசரமா ரிங்குக்குள்ள வந்த அப்போதைய நிறுவனத் தலைவர் வின்ஸ் மக்மஹோன் ரெண்டு தொடைத் தசையையும் கிழிச்சுக்கிட்டு உட்கார்ந்தபடியே மறு ஆட்டத்துக்கு உத்தரவு போட்டார்.

---

நாலு கதவு எழுதியது:

நம்ம ஊர்ல நிறையப் பேர் கேக்கிற பஞ்சாபி ப்ரிசனையும் சேர்த்துக்கோங்க. மூங்கில் கூண்டு ரெண்டு. உள்ளே 16 அடியில சதுரக் கூண்டு, வெளியே 20 அடியில எட்டுப் பக்கக் கூண்டு. உள் கூண்டுல நாலு கதவு. கேட்டா ஒரு கதவை 60 விநாடி திறப்பாங்க, அப்புறம் அது நிரந்தரமா மூடிடும். நாலும் தீர்ந்தா ஏறித்தான் போகணும். ரெண்டு கூண்டையும் தாண்டி முதல்ல தரையைத் தொட்டவர் வெற்றி.

மொத்தம் மூணே தடவைதான் நடந்திருக்கு: 2006, 2007, 2017. கிரேட் காளிக்காகவே உருவாக்கின மேட்ச். 2006இல் அவர் ஆட முடியாமப் போய், பிக் ஷோதான் அண்டர்டேக்கரோட மோதினார். 2017இல் ஜிந்தர் மஹாலுக்கு உதவ காளி வந்து, ராண்டி ஆர்ட்டனைக் கூண்டுக்கு வெளியிலிருந்தே கழுத்தைப் பிடிச்சுக்கிட்டார்.

கதவு விதி காகிதத்துல நல்ல விதி. தோத்ததுக்கு ரெண்டு காரணம். ரெண்டு அடுக்கு மூங்கிலுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு அரங்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியாது, திரையைத்தான் பார்க்கணும். அடுத்து, நாலு கதவும் வீணாகும்னு முதல் நிமிஷமே எல்லாருக்கும் தெரியும், அதனால முதல் மூணு கதவுக்கு யாரும் பதற மாட்டாங்க. ஆட்கள் அறைக்குள்ள அடைஞ்சு காத்திருக்கிற எலிமினேஷன் சேம்பர் கூண்டுல அறை திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் வர்றார், ஆட்டமே மாறுது. இங்கே கதவு திறந்தும் ஒண்ணும் மாறல.

---

கயிற்றோரம் எழுதியது:

அருமை. கடைசியா ஒண்ணு. 2019 ஹெல் இன் எ செல்லில் செத் ராலின்ஸ், ஃபீண்ட் மேட்ச்சை நடுவர் நிறுத்திட்டார். நாலு வழியில எதுவுமே இல்லாம எப்படி முடிஞ்சுது? மணி இன் த பேங்க் பெட்டியைச் செல்லுக்குள்ள பயன்படுத்தினா என்ன ஆகும்?

---

மூணாவது தட்டு எழுதியது:

நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். நான்கு வழிக்கும் வெளியே இன்னொன்று எப்போதும் இருக்கிறது: ஒருவரால் இனித் தொடர முடியாது என்று நடுவர் தீர்மானிப்பது. அது சில நேரம் வெற்றியாகும், சில நேரம் யாருக்கும் வெற்றி இல்லாத நோ கான்டெஸ்ட் ஆகும். 1997இல் 13வது ரெஸில்மேனியாவில் பிரெட் ஹார்ட்டும் ஆஸ்டினும் சப்மிஷன் மேட்ச் ஆடினார்கள். கால்களை முறுக்கும் ஷார்ப்ஷூட்டர் பிடியில் ஆஸ்டின் தட்டவே இல்லை. ரத்தம் வழிய மயங்கினார். சிறப்பு நடுவர் கென் ஷாம்ராக் நிறுத்தி பிரெட்டுக்கு வெற்றி கொடுத்தார். ஒப்புக்கொள்ளாமலே தோற்றதால் தோற்றவர்தான் அன்று நாயகன் ஆனார். சப்மிஷன் என்பது மனம் உடைவதைப் பற்றிய விதி, அதனால் அந்த முடிவு விதிக்குள்ளேயே நின்றது.

2019 அக்டோபர் 6இல் நடந்தது அப்படியில்லை. செல் என்றாலே எதுவும் அனுமதி. ராலின்ஸ் நாற்காலி, ஏணி, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் ஃபீண்டின் மேல் குவித்துச் சுத்தியலால் அடித்தபோது நடுவர் மணியை அடிக்கச் சொன்னார். எதுவும் அனுமதி என்று டிக்கெட் விற்ற மேட்ச்சில் இது அதிகப்படி என்று நிறுத்தினால் பார்ப்பவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அரங்கத்தில் பணத்தைத் திருப்பிக் கொடு என்றே கத்தினார்கள்.

பெட்டி விஷயம். மணி இன் த பேங்க் பெட்டிக்குள் இருப்பது பட்டப் போட்டிக்கான ஒப்பந்தம். 2005இல் 21வது ரெஸில்மேனியாவில் எட்ஜ் ஜெயித்த முதல் ஒப்பந்தத்திலிருந்து அடிப்படை ஒன்றுதான்: ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் பட்டப் போட்டி கேட்கலாம். நடுவர் பெட்டியை வாங்கி, மணி அடித்த பிறகுதான் அது செலவானதாகக் கணக்கு. மணி அடிக்கும் முன் யாராவது தாக்கிவிட்டால் பெட்டி மிச்சம். நடந்துகொண்டிருக்கும் மேட்ச்சுக்குள் புகுந்தால் அது மும்முனைப் போட்டி ஆகும். 2015இல் 31வது ரெஸில்மேனியாவில் சாம்பியன் லெஸ்னரும் ரெய்ன்ஸும் ஆடிக்கொண்டிருந்த மேட்ச்சுக்குள் ராலின்ஸ் அப்படிப் புகுந்தார். மும்முனையில் சாம்பியனைத் தோற்கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால் லெஸ்னரைப் பின் பண்ணாமலே ரெய்ன்ஸைப் பின் பண்ணிப் பட்டத்தை எடுத்தார்.

முன்கூட்டியே தேதி சொல்லிப் பயன்படுத்தினால் சாம்பியனுக்குள்ள சலுகை எல்லாம் திரும்ப வந்துவிடும். 2012 ஜூலையில் சீனா அப்படிச் சொல்லிவிட்டு சி.எம். பங்கோடு மோதினார், பிக் ஷோ உள்ளே வந்து அடிக்க டி.க்யூ.வில் ஜெயித்தார், பெல்ட் கிடைக்கவில்லை. 2018 செப்டம்பரில் ப்ரான் ஸ்ட்ரோமேன் இதைத் தவிர்க்கத்தான் ரெய்ன்ஸோடு செல்லுக்குள் ஆட்டம் கேட்டார்: டி.க்யூ. கிடையாது, வெளியாள் வர முடியாது. லெஸ்னர் செல் கதவை உதைத்துத் திறந்து உள்ளே வந்து இருவரையும் அடித்துப் போட்டார். இருவராலும் எழ முடியாததால் நோ கான்டெஸ்ட். பெட்டியும் போனது, பட்டமும் ரெய்ன்ஸிடமே இருந்தது.

ஆகவே அறிவிப்பைக் கேட்கும்போது நோ டி.க்யூ., நோ கவுண்ட் அவுட் என்ற இரண்டோடு நிறுத்தாதீர்கள். ஒரு வெற்றியாளர் இருந்தே ஆக வேண்டும் என்ற வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சொல்லப்படாத மேட்ச்சில் நோ கான்டெஸ்ட் இன்னும் திறந்தே இருக்கிறது.